சக்கைக்குக் கிடைத்த வாழ்வு

ஆலையின் ஒரு வாயிலிலே வண்டி வண்டியாகக் கிழங்கு நுழைகிறது. மறுவாயிலிலே மூட்டை மூட்டையாக ஜவ்வரிசி வெளிவருகிறது. நுழைந்தது எவ்வளவு, வெளிவந்தது எவ்வளவு என்று எடை போட்டுப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருக்கக் காணமாட்டீர்கள். இடையிலே மறைந்தது எங்கே போயிற்று? தோலாகப் போயிற்று, திப்பியாகப் போயிற்று, கழுநீராகப் போயிற்று. தோலும் திப்பியும் கண்ணுக்குத் தெரியும்படி ஆலை முற்றத்திலே கிடக்கின்றன. கழுநீரோ வாய்க்காலிலே இறங்கி, ஓடையிலே கலந்து, உழவனின் கிணற்றிலே எட்டிப் பார்த்து, தான் வந்து சேர்ந்த செய்தியை நாற்றத்தால் அறிவிக்கிறது.

உணவுத் தொழில் எதை எடுத்துக்கொண்டாலும் கதை இதுவே. கரும்பு ஆலையிலே சக்கை, எண்ணெய்ச் செக்கிலே புண்ணாக்கு, பழச்சாறு ஆலையிலே தோலும் கொட்டையும், பால் பண்ணையிலே மோர்நீர், உணவு விடுதியிலே எஞ்சிய சோறும் கருகிய எண்ணெயும். மனிதன் உண்பதற்காக ஒரு பங்கு செய்யப்படும்போது, உண்ணாத மற்றொரு பங்கும் கூடவே உண்டாகிறது. அந்த மற்றொரு பங்கை என்ன செய்வது? இதுதான் இன்றைய கேள்வி.

இதற்கு விடையாகச் "சுழற்சிப் பொருளாதாரம்" என்ற சொல்லை ஆளவந்தார் அடிக்கடி உச்சரிக்கின்றனர். எடுப்பது, செய்வது, எறிவது என்று நேர்கோட்டிலே ஓடும் தொழில்முறையை வளைத்து, ஓர் ஆலையின் கழிவு மற்றோர் ஆலையின் மூலப்பொருள் ஆகும்படி, மண்ணிலிருந்து வந்தது மண்ணுக்கே திரும்பும்படி அமைப்பதற்கு அந்தப் பெயர். சொல் புதியது, செய்தி பழையது. அரிசி களைந்த நீரைத் தொட்டியிலே சேர்த்து மாட்டுக்கு வைத்தாள் நம் பாட்டி. தவிடு மாட்டுக்குப் போயிற்று. உமி அடுப்புக்குப் போயிற்று. அடுப்புச் சாம்பல் பாத்திரம் துலக்கப் போயிற்று. சாணம் எருக்குழிக்குப் போயிற்று. எரு வயலுக்குப் போயிற்று. வயலிலிருந்து மீண்டும் நெல் வந்தது. வட்டம் முழுமையாக இருந்தது. அதற்கு எந்த மாநாடும் தேவைப்படவில்லை, எந்த அமைச்சகமும் தேவைப்படவில்லை.

பிறகு ஆலைகள் வந்தன. ஒரு வீட்டுத் தவிட்டை ஒரு மாடு தின்றுவிடும். ஓர் ஆலையின் கழிவை ஊர் மாடெல்லாம் சேர்ந்தாலும் தின்ன முடியுமா? உற்பத்தி ஆயிரம் மடங்கு பெருகிற்று. அதற்கேற்ற ஏற்பாடு பெருகவில்லை. வட்டம் அறுந்தது. அறுந்த இடத்திலே நின்றுகொண்டு ஆலையதிபர் அரசைப் பார்க்கிறார். அரசு ஆலையதிபரைப் பார்க்கிறது. இருவருக்கும் நடுவே சாக்கடை ஓடுகிறது.

இந்தக் கட்டுரை கூற விரும்புவது ஒன்றே ஒன்று. கழிவு என்பது பொருளோடு கூடப் பிறந்த குணமன்று. கொள்வோர் இல்லாத பொருள்தான் கழிவு ஆகிறது. கொள்வோரை உண்டாக்கும் ஆற்றல் அரசுக்கு இருக்கிறது. அந்த ஆற்றலைப் பயன்படுத்திய இடத்திலே சக்கையும் செல்வமாயிற்று. பயன்படுத்தாத இடத்திலே உணவும் நஞ்சாயிற்று. இதை மெய்ப்பிக்க வெளிநாட்டுக்கு ஓடவேண்டியதில்லை. நம் தமிழகத்து ஆலைகளே சான்று.

முதலிலே கரும்பை எடுத்துக்கொள்ளுங்கள்.

கரும்பைப் பிழிந்த பின் எஞ்சும் சக்கையைச் சர்க்கரை ஆலைகள் தம் கொதிகலனிலே இட்டு எரித்துவந்தன. எரிப்பதும் ஒரு பயன்தான். ஆயினும் அதனினும் மேலான பயன் ஒன்று அதிலே புதைந்திருந்தது. சக்கை என்பது நார். நார் என்றால் காகிதம். 1979-ஆம் ஆண்டு தமிழக அரசு தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனத்தைத் தோற்றுவித்தது. கரூருக்கு அருகே, காவிரிக் கரையிலே, கரும்புச் சக்கையை முதன்மை மூலப்பொருளாகக் கொண்டு காகித ஆலை எழுந்தது. சர்க்கரை ஆலைகள் சக்கையைக் கொடுத்துவிட்டால் கொதிகலனுக்கு எதை எரிப்பது? அதற்கும் வழி காணப்பட்டது. சக்கையைப் பெற்றுக்கொண்டு, அதற்கு மாற்றாக எரிபொருள் தருவது என்ற உடன்பாடு பிறந்தது. மரத்தை வெட்டிக் கூழாக்கவேண்டிய அளவு குறைந்தது, ஆலைக்கும் இழப்பில்லை, காகிதமும் கிடைத்தது. யாரும் எவருக்கும் அறிவுரை கூறவில்லை. "இதைக் கொடு, அதைக் கொள்" என்ற ஏற்பாடே வேலையை முடித்தது.

சக்கைக்கு வாழ்வு வந்தது போலவே கழிவுப்பாகுக்கும் வந்தது. சர்க்கரை எடுத்த பின் எஞ்சும் அந்தக் கரிய பாகிலிருந்து எத்தனால் வடித்துப் பெட்ரோலுடன் கலக்கும் திட்டத்தை இந்திய அரசு 2003-ஆம் ஆண்டு தொடங்கியது. தொடங்கியதே தவிர, பத்தாண்டுகளுக்கு மேலாகத் திட்டம் நொண்டிற்று. 2013–14-இலே கலப்பு அளவு நூற்றுக்கு இரண்டைக்கூட எட்டவில்லை. 2014-ஆம் ஆண்டின் இறுதியிலே எத்தனாலுக்கு அரசே விலை நிர்ணயித்தது. எண்ணெய் நிறுவனங்கள் வாங்கியாக வேண்டும் என்ற நிலையும் உறுதிப்பட்டது. 2022-ஆம் ஆண்டு கலப்பு நூற்றுக்குப் பத்தை எட்டிற்று; 2025-ஆம் ஆண்டு இருபதைத் தொட்டது. அதே கரும்பு, அதே பாகு, அதே ஆலை. மாறியது எது? விற்பவனுக்கு நிலையான விலையும், வாங்குபவனுக்குத் தட்டமுடியாத கடமையும் வந்தன. அவ்வளவே.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் மூன்று சொற்களிலே அடங்கும்: ஆணை, ஆதரவு விலை, அருகிலே ஆலை. இன்னதை எறியக்கூடாது என்று ஆணை வேண்டும். எறியாமல் சேர்த்துவைத்தவனுக்குக் கைக்குக் கிடைக்கும் ஆதரவு விலை வேண்டும். சேர்த்ததைக் கொண்டுபோய்க் கொடுக்க அருகிலே ஆலை வேண்டும். முக்காலியின் மூன்று கால்கள் இவை. ஒன்று குறைந்தாலும் உட்கார்ந்தவன் விழுவான்.

இனி, முதலிலே பார்த்த கிழங்குக்குத் திரும்புவோம்.

இரண்டாம் உலகப் போரின்போது மலேயாவிலிருந்தும் கிழக்குத் தீவுகளிலிருந்தும் வந்துகொண்டிருந்த ஜவ்வரிசி தடைப்பட்டது. அங்கே அது பனை இனத்து மரம் ஒன்றின் சோற்றிலிருந்து எடுக்கப்படுவது. மரம் நம்மிடம் இல்லை. மரவள்ளிக் கிழங்கு உண்டு. 1943-ஆம் ஆண்டு வாக்கிலே சேலத்து வணிகர் மாணிக்கம் செட்டியார் முதலியோரின் முயற்சியால், கிழங்கு மாவிலிருந்து ஜவ்வரிசி செய்யும் தொழில் சேலத்திலே கால்கொண்டது. குடிசைத் தொழிலாகத் தோன்றியது நூற்றுக்கணக்கான ஆலைகளாகப் பெருகிற்று. சேலம், நாமக்கல், தருமபுரி, கள்ளக்குறிச்சி வட்டாரங்களின் மானாவாரி நிலத்து உழவனுக்குக் கிழங்கு வாழ்வளித்தது. மராட்டியத்திலும் குஜராத்திலும் வங்கத்திலும் விரத நாளிலே உண்ணும் உணவாக நம் ஜவ்வரிசி சென்றது. 2023-ஆம் ஆண்டு "சேலம் ஜவ்வரிசி" புவிசார் குறியீடும் பெற்றது. பெருமைப்படவேண்டிய வரலாறு, ஐயமில்லை.

ஆனால் அந்த முத்துக்களின் பின்னே ஓடும் நீரைப் பாருங்கள். கிழங்கைக் கழுவ நீர், தோலுரிக்க நீர், அரைத்த கூழிலிருந்து மாவைப் பிரிக்க நீர், மாவு படிந்த பின் மேலே நிற்பதும் நீர். ஒரு டன் ஜவ்வரிசி செய்யப் பல்லாயிரம் லிட்டர் நீர் செலவாகிறது. வெளியேறும் நீரிலே கரைந்த மாவு இருக்கிறது. கிழங்கிலே இயற்கையாக உள்ள சயனைடு சார்ந்த பொருளின் எச்சமும் இருக்கிறது. தேங்கினால் புளிக்கும், புளித்தால் நாறும், ஓடையிலே கலந்தால் நீரிலுள்ள உயிர்வளியை உறிஞ்சி மீனைக் கொல்லும். அந்த ஓடையை நம்பிய உழவன், அந்த ஆலைக்கே கிழங்கு விற்கும் உழவனாகவும் இருப்பான். ஒரு கையிலே கிழங்குக்குக் காசு வாங்குகிறான். மறுகையிலே கெட்டுப்போன கிணற்றை வாங்கிக்கொள்கிறான்.

சட்டம் இல்லையா? உண்டு. 1974-ஆம் ஆண்டே நாட்டிலே நீர் மாசுத் தடுப்புச் சட்டம் வந்துவிட்டது. அதன்கீழ் வாரியம் உண்டு. வாரியத்துக்கு அலுவலர் உண்டு. அலுவலருக்கு ஆலையின் மின்னிணைப்பைத் துண்டிக்கும் அதிகாரமும் உண்டு. ஆணை என்ற முதற்கால் இருக்கிறது. மற்ற இரண்டு கால்கள் எங்கே?

அந்தக் கழுநீரிலே கரைந்திருக்கும் மாவு வீணாகவேண்டிய பொருளன்று. காற்றுப் புகாத தொட்டியிலே அதை அடைத்தால், நுண்ணுயிர்கள் அதைத் தின்று எரிவாயுவாக மாற்றித் தருகின்றன. அந்த எரிவாயு ஆலையின் அடுப்பை எரிக்கும். இயந்திரத்தை ஓட்டி மின்சாரமும் தரும். இது கனவன்று, சேலம் வட்டாரத்து ஆலைகள் பல இதை நிறுவி, மின் செலவைக் குறைத்து, நாற்றத்தையும் தணித்துள்ளன. அவ்வாறாயின் எல்லா ஆலையும் ஏன் செய்யவில்லை என்று கேட்பீர்கள்.

செய்ய முடியாததற்குக் காரணங்கள் உண்டு. பெரிய ஆலைக்கு முதலீடு இருக்கிறது. சிறிய ஆலைக்குக் கடனே முதலீடு. கிழங்கு அரைவைக்கு ஒரு பருவம் உண்டு. பருவம் முடிந்ததும் ஆலை ஓயும், தொட்டியிலுள்ள நுண்ணுயிர் பட்டினி கிடக்கும். ஜவ்வரிசியைப் பளிச்சென்று வெளுப்பதற்காகச் சிலர் சேர்க்கும் குளோரின் வகை மருந்து, உண்போருக்குக் கேடு செய்வதோடு நில்லாமல், கழுநீரிலே கலந்து அந்த நுண்ணுயிரையும் அழிக்கும். வெண்மையை விரும்பிக் கேட்கும் வாங்குவோனுக்கு இந்தச் செய்தி தெரியாது. தெரிவிக்கும் பொறுப்பை எவரும் ஏற்கவில்லை. ஆகவே சிறிய ஆலையதிபர் கணக்குப் போடுகிறார். தொட்டி கட்டினால் இவ்வளவு செலவு. மாட்டிக்கொண்டால் இவ்வளவு தண்டம். மாட்டாவிட்டால் செலவே இல்லை. அவர் கெட்டவர் என்பதால் இந்தக் கணக்குப் போடவில்லை. கணக்கு அப்படி அமைக்கப்பட்டிருப்பதால் போடுகிறார். கணக்கை மாற்றி அமைக்காமல் மனிதனை மாற்றப் பார்ப்பது, கரையைக் கட்டாமல் வெள்ளத்துக்கு உபதேசம் செய்வதற்கு ஒப்பாகும்.

மாற்றி அமைக்க முடியுமா? முடியும் என்பதற்கு அதே தொழிலின் வரலாறே சான்று கூறும். ஒரு காலத்திலே ஜவ்வரிசிக்கு விலை கூறியவர் இடைத்தரகர். கடன் கொடுத்தவரும் அவரே. சரக்கை எடுத்தவரும் அவரே. விலை வைத்தவரும் அவரே. தனித்தனியே நின்ற சிற்றாலைகள் தவித்தன. 1981-ஆம் ஆண்டு அரசின் துணையோடு "சேகோசர்வ்" என்று மக்கள் வழங்கும் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. சரக்கை ஓரிடத்திலே சேர்த்தார்கள், கிடங்கிலே வைத்தார்கள், வெளிப்படையாக ஏலம் விட்டார்கள், இருப்பின் பேரிலே முன்பணம் தந்தார்கள். தனி ஆளாக முடியாதது கூட்டாக முடிந்தது. நான் கேட்கிறேன்: விளைந்த முத்தை விற்கக் கூட்டுறவு கூடும் என்றால், எஞ்சிய நீரைச் சீராக்கக் கூட்டுறவு ஏன் கூடாது? பத்து ஆலைக்கு ஒரு பொதுத் தொட்டி; பருவம் ஓய்ந்த மாதங்களிலே அந்தத் தொட்டிக்குச் சேலத்துக் காய்கறிச் சந்தையின் அழுகலும், உணவு விடுதிகளின் எச்சமும் இரையாகட்டும்; எழும் வாயுவை அரசு நிறுவனமே வாங்கட்டும். நகரத்துக் குப்பை மேடும் தணியும், ஆலைத் தொட்டியும் பசியாறும். இதற்கு இனி ஓர் அறிவியல் மேதை பிறந்து வரவேண்டிய தேவை இல்லை. ஓர் அரசாணை பிறந்தால் போதும்.

மூன்றாவது சான்று கருகிய எண்ணெய். கேட்டால் வயிற்றைக் கலக்கும். ஆயினும் கேட்டேயாக வேண்டும்.

ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் அதிலே தீங்கான சேர்மங்கள் பெருகுகின்றன. அவற்றின் அளவு நூற்றுக்கு 25-ஐத் தாண்டினால் அந்த எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தலாகாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வகுத்த விதி 2018 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்தது. நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் பயன்படுத்தும் கடைகள், பழைய எண்ணெய் எங்கே போயிற்று என்று கணக்கு எழுதவேண்டும் என்ற கட்டளை 2019 மார்ச்சிலே வந்தது. அந்த எண்ணெயிலிருந்து டீசலுக்கு மாற்றான எரிபொருள் செய்யலாம். செய்து தந்தால் முதலாண்டிலே லிட்டருக்கு 51 ரூபாய் தந்து வாங்கிக்கொள்வதாக அரசு எண்ணெய் நிறுவனங்கள் 2019 ஆகஸ்டிலே அறிவித்தன. ஆணையும் வந்தது; விலையும் வந்தது. பாராட்டுவோம்.

ஆனால் கடைவீதியிலே நடப்பது என்ன? பெரிய விடுதி கழித்துவிட்ட எண்ணெயைச் சிறிய கடை வாங்குகிறது. சிறிய கடை கழித்ததைத் தள்ளுவண்டி வாங்குகிறது. எரிபொருள் ஆலைக்காரர் கொடுப்பதைவிடத் தரகர் கூடுதலாகக் கொடுத்தால், எண்ணெய் எந்தப் பக்கம் பாயும்? பள்ளத்தை நோக்கியே நீர் பாயும். பணத்தை நோக்கியே சரக்குப் பாயும். விருந்து மண்டபத்திலே ஒருமுறை காய்ந்த எண்ணெய், சுமைதூக்கும் தொழிலாளியின் காலை வடையிலே முடிகிறது. இருப்போர் கழித்தது இல்லாதோர் இரைப்பைக்கு இறங்குகிறது! இதுவும் ஒரு சுழற்சிதான், தோழர்களே. ஆனால் எந்த நாகரிக நாடு இந்தச் சுழற்சியைப் பொறுத்துக்கொள்ளும்? இங்கே விலை என்ற கால் குட்டையாக இருக்கிறது. அதை நீட்டுவதற்கு ஆகும் செலவு, இதய நோயாளிகளுக்கு அரசு மருத்துவமனைகளிலே ஆகும் செலவைவிடக் கூடுதலாக இருக்குமா என்பதை ஆளவந்தாரே கூட்டிக் கழித்துப் பார்க்கட்டும்.

இனி, டில்லியின் பெருந்திட்டங்களைப் பார்ப்போம். கழிவிலிருந்து எரிவாயு செய்ய 2018 அக்டோபரிலே ஒரு திட்டம் அறிவிக்கப்பட்டது. நாடு முழுவதும் 5,000 ஆலைகள். ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி டன் வாயு. 2023-க்குள் முடிப்போம் என்றார்கள். 2023-ஆம் ஆண்டு வந்தது, போயிற்று. இயங்கிய ஆலைகள் நூறைக்கூட எட்டவில்லை. ஏன்? ஆலை வைக்கச் சொன்னார்கள். வாங்கியே தீரவேண்டும் என்ற கடமையை எவர்மீதும் சுமத்தவில்லை. எஞ்சும் எருவை வாங்குவோர் யார் என்றும் எண்ணவில்லை. காலம் கடந்து இப்போதுதான் கண் திறந்திருக்கிறது. இயற்கை எரு டன்னுக்கு 1,500 ரூபாய் உதவி தர 2023-இலே முடிவாயிற்று. வாகனங்களுக்கும் வீடுகளுக்கும் வழங்கும் எரிவாயுவிலே 2025–26 முதல் நூற்றுக்கு ஒரு பங்கு, 2028–29 முதல் ஐந்து பங்கு கழிவு வாயு கலந்தாக வேண்டும் என்ற கட்டாயமும் வந்திருக்கிறது. நல்லது. பிள்ளை பிறந்து ஐந்தாண்டு ஆனபின் பாலுக்கு ஏற்பாடு செய்தார்கள். எனினும் செய்தார்களே என்று மகிழ்வோம். மத்தியப் பிரதேசத்து இந்தூர் நகரிலே 2022 பிப்ரவரி முதல் நாளொன்றுக்கு 550 டன் ஈரக் கழிவைக் கொள்ளும் ஆலை ஒன்று அமைந்திருப்பதும், வீடு தோறும் கழிவைப் பிரித்துக் கொடுக்கும் பழக்கத்தை அந்நகரம் முன்னதாகவே வளர்த்துக்கொண்டதும், ஏற்பாடு முந்தினால் பயன் பிந்தாது என்பதற்குச் சான்று.

கடல் கடந்தும் சான்றுண்டு. தென்கொரியா 2005-ஆம் ஆண்டு உணவுக் கழிவை நேரே நிலத்திலே புதைப்பதைத் தடை செய்தது. 2013-இலே, எவ்வளவு கழிவோ அவ்வளவு கட்டணம் என்ற முறையை நாடெங்கும் கொண்டுவந்தது. இன்று அங்கே உணவுக் கழிவிலே நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்ட பங்கு தீவனமாகவும் எருவாகவும் வாயுவாகவும் திரும்பி வருகிறது. தடையோடு நின்றுவிடாமல், தடுத்ததைக் கொள்ளும் ஆலைகளையும் அவர்கள் கட்டினார்கள் என்பதைக் கவனியுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை கூறியாக வேண்டும். கழிவுக்கு விலை வைக்கப் போய், உணவையே கழிவாக்கிவிடும் அபாயம் உண்டு. கழிவுப்பாகிலே தொடங்கிய எத்தனால் திட்டம், பிறகு கரும்புச் சாற்றுக்கே போயிற்று. 2020-இலே உணவுக் கழகத்தின் கிடங்கிலிருந்த அரிசியையும் எத்தனாலுக்குத் தரலாம் என்று முடிவாயிற்று. வண்டிக்குத் தீனி போட மனிதனின் தட்டிலே கை வைப்பதா? ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு 2024-இலே வெளியிட்ட கணக்கின்படி, 2022-ஆம் ஆண்டிலே உலகம் வீணாக்கிய உணவு 105 கோடி டன். மக்களுக்குக் கிடைத்த உணவிலே ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு! அதே ஆண்டிலே பசியோடு உறங்கியவர் எழுபது கோடிக்கு மேற்பட்டோர். வீணானதிலே பத்திலே ஆறு பங்கு வீடுகளிலே வீணானது. எஞ்சியது உணவு விடுதிகளிலும் கடைகளிலும் போனது. ஆகவே அரசின் கொள்கைக்கு ஒரு வரிசைமுறை வேண்டும். வீணாகாமல் தடுப்பது முதற்படி. மிஞ்சியது உண்ணத்தக்கதாயின் பசித்த மனிதனுக்கு. அதற்கு ஆகாதது கால்நடைக்கு. அதற்கும் ஆகாதது வாயுவுக்கு. கடைசியிலே எஞ்சுவது மண்ணுக்கு எருவாக. ஓடைக்கும் குப்பை மேட்டுக்கும் இந்த வரிசையிலே இடமே இருக்கக்கூடாது.

பிரான்சு நாடு 2016-இலே ஒரு சட்டம் செய்தது. 400 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பெருங்கடைகள், விற்காத நல்லுணவை அழிக்கக்கூடாது. அறநிலையங்களோடு உடன்பாடு செய்துகொண்டு அதை வழங்கவேண்டும் என்றது. நம் நாட்டிலே மிகை உணவை எவ்வாறு பாதுகாப்பாக வழங்குவது என்பதற்கு 2019-இலே நெறிமுறை வந்தது. கொடுப்பவன் எப்படிக் கொடுக்கவேண்டும் என்று அது கூறுகிறது. கொடுத்தாக வேண்டும் என்று கூறவில்லை. கொடுக்க மனம் இருப்பவனுக்குத்தான் நம் சட்டம். மனம் இல்லாதவனுக்கு விடுமுறை.

இவ்வளவு பேசியும் ஒருவரை மறந்துவிடக்கூடாது. கழிவுத் தொட்டியைத் துப்புரவு செய்ய இறங்கும் தொழிலாளி! எரிவாயு எழும் தொட்டியிலே உயிர் குடிக்கும் வாயுவும் எழும். நச்சுக்காற்று உள்ள குழியிலே, சோதித்துச் சான்று பெற்றிருந்தாலோ, மூச்சுக் கருவியும் இடுப்பிலே கயிறும் இருந்தாலோ அன்றி எவரையும் இறக்கலாகாது என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே எழுதிவைத்தது. எழுதிவைத்தும் மனிதர் இறங்கினர், மாண்டனர். சுழற்சி என்ற அழகிய சொல்லுக்குள்ளே ஒரு பாட்டாளியின் உயிர் நசுங்குமானால், அந்தச் சுழற்சி நமக்கு வேண்டாம். ஒவ்வொரு பொதுத் தொட்டியோடும் இறங்காமலே துப்புரவு செய்யும் இயந்திரமும் சேர்த்தே கட்டப்படவேண்டும். அந்தச் செலவை மிச்சம் பிடிக்க எந்தத் திட்டமும் உரிமை பெறாது.

"இவையெல்லாம் அரசின் வேலையா? வணிகர் பார்த்துக்கொள்ளட்டுமே!" என்பார் சிலர். ஆதாயத்தை வணிகர் பார்த்துக்கொள்வார். அதிலே நமக்கு ஐயமில்லை. ஆனால் நாறிப்போன ஓடைக்கு எந்தச் சந்தையிலே விலை கூறுகிறார்கள்? கெட்டுப்போன கிணற்றுக்கு எந்த ஏலத்திலே கேள்வி வருகிறது? எவருடைய கணக்கிலும் ஏறாத அந்த இழப்பு, வாயில்லாத உழவனின் கணக்கிலே ஏறுகிறது. அதை எடுத்து உரியவர் கணக்கிலே எழுதுவதற்குத்தான் அரசு என்ற ஒன்று இருக்கிறது. "கெடுத்தவனே கொடுக்கட்டும்" என்று மட்டும் கூறி ஒதுங்குவோரும் உண்டு. நெறி சரியானதே, ஆனால் கொடுக்க வழியில்லாத சிற்றாலையை மூடினால், அதை நம்பிய உழவனும் தொழிலாளியும் தெருவிலே நிற்பர். பெரியவர் கொடுக்கட்டும்; சிறியவருக்கு அரசு தோள் கொடுக்கட்டும்; இருவருமே எறியாதிருக்கட்டும்.

வாக்குக் கேட்டு வருவோர் மேடையிலே சுழற்சிப் பொருளாதாரம் பேசும்போது, நீங்கள் கைதட்டுவதற்கு முன்னே மூன்று கேள்விகள் கேளுங்கள். எங்கள் வட்டாரத்து ஆலைக் கழிவை எறியலாகாது என்ற ஆணையை யார் நடத்தி வைப்பார்? அதைச் சேர்த்துக் கொடுப்போனுக்கு என்ன விலை, எந்த நாள் முதல்? அதைக் கொள்ளும் ஆலை எங்களூரிலிருந்து எத்தனை கல் தொலைவிலே? விடை கூறுவோர் வேலை செய்ய வந்தவர். விழிப்போர் சொல்லை மட்டும் சுழற்ற வந்தவர்.

கரும்புச் சக்கை காகிதமாயிற்று. அந்தக் காகிதத்திலே நம் பிள்ளைகள் படிக்கிறார்கள். கிழங்குக் கழுநீரும் ஒருநாள் அவர்கள் படிக்கும் விளக்கை எரிக்கட்டும். எரிக்க வல்லது அது. ஏற்பாடு செய்யவேண்டியவர்களைச் செய்யவைப்பது உங்கள் கையிலே இருக்கிறது.